ஏழாம் வரியும் ஒரு கழுத்து வளையமும்

பொன்னையாவின் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முப்பத்து நான்கு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். மெஷின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. வேலையை விட்டு நின்ற அன்று தோட்டத்துத் தொரை கைகொடுத்து ஏதோ சொன்னார். பொன்னையா தலையை ஆட்டிவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தார். நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று மனைவி சுந்தரம்மா சமாதானம் சொன்னாள்.

பிற்பாடு மாத்தளை டவுனில் நடந்த இலவச முகாமில் ஒரு காது மெஷின் கிடைத்தது. அதை மாட்டினால் சேவல் கூவுவது கேட்டது, கோயில் மணி கேட்டது, சுந்தரம்மா திட்டுவதும் கேட்டது. டெலிபோன் மட்டும் கேட்கவில்லை. போனைக் காதருகே கொண்டுபோனாலே மெஷின் கீச்சென்று விசிலடிக்கும். இது என்ன கொடுமை என்றால், பொன்னையாவுக்கு உலகத்தில் கேட்க வேண்டியிருந்த ஒரே குரல் போனுக்குள்தான் இருந்தது.

மகள் இராஜகுமாரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு மணிக்குப் பேசுவாள். தோட்டத்து லயம் பள்ளத்தில் கிடப்பதால் அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே புருஷனும் பெண்சாதியும் பலாபத்வல சந்திக்கு இறங்கி வருவார்கள். அந்தச் சந்தியிலும் சிக்னல் நன்றாகக் கிடைத்த இடம் ஆமி சென்ட்ரிக் காவல் முனையின் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான். சுந்தரம்மா பத்து நிமிஷம் பேசுவாள். பொன்னையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசி முடித்து அவள் சொல்வது ஒன்றேதான்.

"நல்லா இருக்காளாம்."

பத்து நிமிஷப் பேச்சு எப்படி ஒரு வார்த்தையாகச் சுருங்குகிறது என்று அவருக்கு விளங்கவேயில்லை. இரண்டு வருஷக் கண்ட்ராக்ட். அது முடிந்தும் மாதக்கணக்காகிவிட்டது. "எப்ப வர்றாளாம்?" என்று கேட்டால், "வருவாளாம்" என்பாள். அதற்குமேல் கேட்டால் பஸ் வந்துவிட்டதென்று ஓடுவாள்.

இப்படி இருக்கும்போது, 2008ஆம் வருஷம் மார்ச் மாதம், அதே குவைத் தெருவில் வேலை செய்த பலாபத்வல ஸுலைஹா லீவில் வந்து ஒரு பார்சலைக் கொடுத்தாள். அதற்குள் ஒரு கறுப்புக் கம்பி வளையம். மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் வாலைப் போனில் செருக வேண்டும். காது மெஷினில் இருக்கும் சின்ன சுவிட்சை 'எம்' என்ற எழுத்திலிருந்து 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளினால் போதும். விசில் கிடையாது, போனில் வரும் குரல் மட்டும் நேரே காதுக்குள் இறங்கும். வெளிச்சத்தம் ஒன்றும் நுழையாது.

"ராஜி தந்தனுப்பினது மாமா. பேப்பர்ல உள்ளபடிதான் பாவிக்கணுமாம். பேப்பரை எப்பவும் கையிலயே வச்சிருக்கச் சொன்னா."

"அவ சொகமா இருக்காளாம்மா?"

ஸுலைஹா முந்தானையைச் சரிசெய்தாள். "இனி நீங்களே கேட்டுக்கலாம்தானே மாமா" என்றாள்.

பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து சிவலிங்கம் மாஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். 'பாதுகாப்பாகப் பாவிக்கும் முறை' என்று பன்னிரண்டு வரிகளை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். தண்ணீர் படக் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. இருதயத்தில் மெஷின் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். ஏழாம் வரி இது: 'வெடிமருந்து பாவிக்கும் இடங்களுக்குக் கிட்ட இக்கருவியை இயக்க வேண்டாம்.' கல்லுடைக்கிற இடத்தைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்தார். நல்ல மனிதர், நாட்டில் யுத்தம் நடப்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். பொன்னையா சந்தியில் நின்று வளையத்தைக் கழுத்தில் போட்டார், வாலைச் செருகினார், சுவிட்சை 'டி'க்குத் தள்ளினார். உலகம் அமைதியாகிவிட்டது. கழுத்திலிருந்து கம்பி இறங்கிச் சட்டைப் பைக்குள் போகும் ஒரு தமிழனைப் பார்த்த சென்ட்ரிச் சிப்பாய் கையை உயர்த்தச் சொல்லிக் கத்தினான். பொன்னையா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். சுந்தரம்மா தன் கை இரண்டையும் தூக்கினாள். ஒரு கையை இறக்கி அவர் விலாவில் குத்திவிட்டு மறுபடி தூக்கினாள்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். பேப்பரை எப்பவும் கையில் வைத்திரு என்று மகள் சொன்னாளே. அதை மரியாதையாக எடுத்து நீட்டினார். சிப்பாய் சிங்களப் பக்கத்தை வாசித்தான். ஏழாம் வரியில் அவன் உதடு நின்றுவிட்டது. தன் மேலாள் கோப்ரலைக் கூப்பிட்டான். கோப்ரல் வாசித்துவிட்டு, "வெடிக்கும் என்று இவரே எழுதி வைத்திருக்கிறாரே" என்றார்.

வளையத்தையும் போனையும் தார் ரோட்டின் நடுவில் வைத்தார்கள். சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. எல்லோரும் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்தார்கள். நின்றது. எழுந்தார்கள். மறுபடி அடித்தது, மறுபடி படுத்தார்கள். சந்தியைத் தாண்டி யாழ்ப்பாணம் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் லொறி நிற்க, குவைத்திலிருந்து ஒரு பெண் மூன்று முறை அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நாலரை மணிக்குப் போன் திரும்பக் கிடைத்தது. வளையமும் பேப்பரும் ஒரு உறைக்குள் போய், உறைமேல் அரக்கு முத்திரை விழுந்தது.

அந்த உறை போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர், 'கழுத்திலும் காதிலும் அணியும் கம்பிகள் தொடர்பான தற்காலிக ஒழுங்குபடுத்தல் பிரிவு'. மாத்தளை டவுனில் ஒரு மாடிவீட்டில் இயங்கியது. பெயர்ப் பலகை நீளம் போதாமல் வாசலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போய், அங்கே இருந்த சலூனுக்கு நிழல் கொடுத்தது. தலைவர் ஏக்கநாயக்க மாத்தயா, அதாவது ஐயா. மொழிபெயர்ப்புக்கு ரவூப் என்ற இளம் கிளார்க். மேலும் இரண்டு அங்கத்தவர்கள், ஒரு நிபுணர், ஒரு இரும்பு அலமாரி.

வளையத்தைக் கேட்டுப் போன பொன்னையாவிடம், அலமாரியைத் திறந்து காட்டித்தான் தலைவர் பேச்சையே ஆரம்பித்தார். உள்ளே பிடிபட்ட கம்பிகள்: ரேடியோ இயர்போன்கள், ஒரு கல்யாண வீட்டு மின்விளக்குச் சரம், கோயில் ஒலிபெருக்கியின் வயர், பிள்ளை ஒன்றின் ஸ்கிப்பிங் கயிறு.

"இந்தப் பிரிவு ஆரம்பித்துப் பதினான்கு மாதம். இதுவரை ஒரு கம்பிகூட வெடிக்கவில்லை" என்றார் தலைவர். ரவூப் அதைப் பொன்னையாவின் காதுக்குப் பக்கத்தில் உரக்கத் தமிழில் சொன்னான். "எங்களுடைய வெற்றி அது. எங்களை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நாங்கள் யாரையும் தனியாகச் சந்தேகப்படுவதில்லை. எல்லோரையும் சமமாகச் சந்தேகப்படுகிறோம்."

"நல்லதுங்க மாத்தயா" என்றார் பொன்னையா. "என் மக வெள்ளிக்கெழம பேசும். அதுக்குள்ள குடுத்துட்டீங்கன்னா..."

எந்த வெள்ளிக்கிழமை என்று தலைவர் கேட்கவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தார். நாலாம் கேள்வி: 'விண்ணப்பதாரர் செவிடரா? ஆம் எனில், இந்தக் கேள்வி அவருக்குக் கேட்டதா?' பொன்னையா வெகுநேரம் யோசித்து, 'வாசித்தேன்' என்று எழுதினார்.

அடுத்த புதன்கிழமை வரச்சொன்னார்கள். செவிட்டுத்தன்மை நிரூபணம். காது மெஷினைக் கழற்றிவிட்டு விறாந்தையில் உட்கார வேண்டும். உள்ளேயிருந்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து வந்தால் அவர் செவிடரல்ல, வளையம் தேவையில்லை. எழுந்து வராவிட்டால் ஆள் சமுகமளிக்கவில்லை, விண்ணப்பம் காலாவதி. மூன்றாம் முறை கூப்பிட்டபோது சுந்தரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இடித்து எழுப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

நிபுணர் இதைக் கவனித்துவிட்டார். ஒலி முதலில் மனைவிக்குப் போகிறது, மனைவி வழியாக விண்ணப்பதாரருக்கு வருகிறது. ஆகவே விண்ணப்பதாரரிடம் ஏற்கெனவே ஒரு கேட்கும் துணைச்சாதனம் பாவனையில் இருக்கிறது, அது பதிவு செய்யப்படவில்லை. படிவத்தில் 'சுந்தரம்மா, துணைச்சாதனம், இரண்டாம் வகை, கம்பியில்லாதது' என்று எழுதப்பட்டது. நீளம், பாரம் எல்லாம் கேட்டார்கள். சுந்தரம்மா பாரத்தைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

பொன்னையாவிடம் மெஷினை மாட்டச் சொல்லிவிட்டு நிபுணர் ரவூபிடம் திரும்பினார். "இந்தச் சாதனம் கேட்டதை அப்படியே கடத்துகிறதா, கூட்டிக் குறைக்கிறதா என்று கேள்."

ரவூப் கேட்டான். பொன்னையா மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அது தெரியாமத்தானுங்க தம்பி, மூணு வருசமா நான் முழிச்சிக்கிட்டிருக்கேன்" என்றார் பொன்னையா.

இந்தப் பதில் நிபுணருக்குப் பிடித்துப்போனது. செயல்முறைச் சோதனை ஒன்று தேவை என்று முடிவானது: குழுவின் முன்னால் உண்மையான அழைப்பு வர வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சுந்தரம்மா சந்தியில் நின்று மகளிடம் நாளும் நேரமும் சொன்னாள். வருகிற புதன், இலங்கை நேரம் பதினொரு மணி. அந்த நேரம் வீட்டு எஜமானி வெளியே போயிருப்பாள், பேசலாம் என்று இராஜகுமாரி ஒத்துக்கொண்டாளாம். "இந்தவாட்டி உங்க காதுலயே பேசுவாளாம்" என்று சுந்தரம்மா சொன்னபோது அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று பொன்னையா கேட்கவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை சவரம் செய்து, திருவிழாவுக்குக் கட்டும் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மகள் குரலைக் கேட்கப் போகிறவர் இல்லையா.

பாதுகாப்பு விதிகள் வாசிக்கப்பட்டன. கருவி வெடித்தால் பொறுப்பு அரசாங்கத்துடையது என்பதால் சோதனை நேரத்தில் விண்ணப்பதாரர் அதை அணியக் கூடாது. வளையத்தைத் தொப்பி மாட்டும் ஸ்டாண்டில் தொங்கவிட்டார்கள். காது மெஷினிலும் பற்றரி இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி ஒரு தேத்தண்ணீர்ச் சோஸரில் வைத்தார்கள். பொன்னையாவை அலமாரிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டாம் வகைச் சாதனத்துக்கு இன்னும் பதிவு கிடைக்காததால் சுந்தரம்மா விறாந்தையில் நிற்க வேண்டியதாயிற்று.

பதினொரு மணிக்குப் போன் வெளிச்சம் போட்டது. நிபுணர் பட்டனை அமுக்கினார். சத்தமில்லை. குரல் வளையத்துக்குள் போகிறது, அந்தக் காது மெஷினில்தான் கேட்கும் என்று ரவூப் விளக்கினான்.

"நமக்குக் கேட்காததை நாம் எப்படிப் பதிவது?" என்றார் தலைவர். வாலைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். வளையம் எந்தத் தொடர்புமில்லாமல் ஸ்டாண்டில் தொங்கியது. சோதனை அதற்குத்தான் நடந்தது.

பொன்னையாவுக்குத் தெரிந்ததெல்லாம் முகங்கள். ரவூப் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தான். நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டு அழைப்புக்குப் பதில் சொல்ல மேலிடத்து அனுமதி வேண்டும். பொன்னையா எழுந்து, "ராஜி, அப்பா இங்கதாம்மா இருக்கேன்" என்றார். நிபுணர் சட்டென்று போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு அங்கத்தவர் பொன்னையாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் ரவூபின் பேனா நின்றது, மறுபடி ஓடியது. ஏக்கநாயக்க மாத்தயா எழுந்து ஜன்னலருகே போய்ச் சலூன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன் வெளிச்சம் அணைந்தது.

சோஸரிலிருந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு பொன்னையா கேட்டார்.

"என்னங்க தம்பி சொன்னா?"

ரவூப் தலைவரைப் பார்த்தான். தலைவர் சொன்னதை மெதுவாக மொழிபெயர்த்தான். "உரிமம் கிடைக்கும் வரைக்கும் பதிவு இரகசியம் ஐயா."

"இங்க இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. அவளோட அப்பன் நான். எனக்கு மட்டும் ரகசியமா?"

"பாதுகாப்பு உங்களுக்காகத்தான்" என்றார் தலைவர், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. "உங்களுக்குக் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு எந்த எண்ணமும் இல்லை. கேட்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

பொன்னையாவுக்கு அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில் அரசாங்கக் கந்தோரில் நின்று அழுவது அழகில்லை என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். விறாந்தையில் நின்ற சுந்தரம்மாவின் கண் சிவந்திருந்தது. கதவு மெல்லிய பலகைக் கதவு.

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்காளாம்" என்றாள் அவள்.

இருபத்தெட்டாம் நாள் உரிமம் தயாரானது. இராஜமுத்திரை போட்ட தடித்த காகிதம். நிபந்தனைகள் மூன்று. வளையத்தைச் சட்டைக்கு மேலே தெரியும்படி அணிய வேண்டும். ஏழாம் வரி சிவப்பு மையால் வெட்டப்பட்ட பேப்பரை உடன் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, வளையத்தைப் பாவிக்கும்போது பாதுகாப்பு கருதிப் போனை முற்றாக நிறுத்தி வைத்திருக்க வேண்டும். உரிமம் சோதனை நாளிலிருந்து முப்பது நாளைக்குச் செல்லும். எண்ணிப் பார்த்தால் இன்னும் இரண்டு நாள் மீதி இருந்தது.

"ஒரு கையெழுத்து இருக்கு ஐயா" என்று ரவூப் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தான். "சோதனையில் நடந்த பேச்சைக் கேட்டதாக விண்ணப்பதாரர் உறுதி செய்யணும். வாசிச்சுட்டுப் போடுங்க. அவசரமில்லை." சொல்லிவிட்டு அவன் எழுந்துபோய் அலமாரியில் எதையோ தேடினான். அலமாரியில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

பொன்னையா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரல் வைத்து வாசித்தார்.

'அப்பா, கேக்குதா?' அடுத்த வரியும் அதுதான். 'அப்பா, கேக்குதா?' ஒன்பது வரிகள் அப்படியே இருந்தன. ஒரே வாக்கியம் ஒன்பது முறை வருவது சந்தேகத்துக்குரியது என்று ஓரத்தில் நிபுணர் பென்சிலால் குறித்திருந்தார். பத்தாம் வரியிலிருந்து இப்படி இருந்தது:

'கேக்கலையா. சரி. கேக்காததும் நல்லதுதாம்பா, கேக்கலன்னுதான் சொல்றேன். நான் நல்லா இல்ல. கண்ட்ராக்ட் முடிஞ்சு எட்டு மாசமாச்சு. பாஸ்போர்ட்ட மேடம் பூட்டி வச்சிருக்காங்க. வெளிய விட மாட்டேங்குறாங்க. குசினில, அடுப்புப் பக்கத்துலதான் படுத்துக்கிறேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். எனக்கு வீட்டுக்கு வரணும்பா.'

அதற்குக் கீழே: 'பேச்சு நேரம் நாலு நிமிடம் பதினொரு விநாடி. கருவி வெடிக்கவில்லை.'

அதற்கும் கீழே புள்ளிக்கோடு. 'மேற்படி பேச்சை நான் என் காதால் கேட்டேன்.' பொன்னையா கையெழுத்துப் போட்டார். பெயர் கோட்டைத் தாண்டிப் போயிற்று. ரவூப் அதைத் தப்பென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. உரிமத்துக்குக் கடைசி நாள். பலாபத்வல சந்தியில் அதே சிப்பாய். பொன்னையா வளையத்தைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு உரிமத்தை நீட்டினார். சிப்பாய் முத்திரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். பிறகு மூன்றாம் நிபந்தனையை வாசித்தான், போனைப் பார்த்தான். மறுபடி வாசித்தான்.

"ஆஃப் பண்ணிட்டா எப்படிப் பேசுவீங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"அதை அந்தக் கந்தோர்லதான் கேக்கணும் மாத்தயா."

நாலு மணி. போன் அடித்தது. சிப்பாய் இந்த முறை படுக்கவில்லை. உரிமத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த ஒரு லொறியை நிறுத்தி, அதன் டிரைவரிடம் வெகுநேரம் ஐடென்டிட்டி கார்ட் கேட்டுக்கொண்டிருந்தான்.

சுந்தரம்மா அவர் கையைப் பிடித்தாள். "இந்தாங்க, நான் வேணும்னே மறைக்கல. அவ சத்தியம் வாங்கிட்டா."

"தெரியும் புள்ள" என்றார் அவர். போனின் பட்டனை அமுக்கினார். சுவிட்சை 'டி'க்குத் தள்ளினார். லொறியின் இரைச்சல், சந்தியின் இரைச்சல், எல்லாம் அறுந்தன. மூன்று வருஷத்துக்குப் பிறகு, தலைக்கு நடுவில், மகள் மூச்சு விடுவது கேட்டது.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது தாயி. அன்னைக்கும் கேட்டுச்சு. கேட்டேன்னு கவர்மெண்டுக்குக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் அழுவதும் கேட்டது. தெளிவாக, ஒன்றும் குறையாமல் கேட்டது. அவள் அழுது முடிக்கட்டும் என்று பொன்னையா காத்திருந்தார்.

"நீ பயப்படாத. திங்கக்கெழம நானும் அம்மாவும் கொழும்புக்குப் போறோம். வெளிநாட்டு வேலைக்காரங்களுக்குன்னு அங்க ஒரு கந்தோர் இருக்காம். உம் பாஸ்போர்ட்ட வாங்கித் தரச் சொல்லி அவங்க வாசல்ல உக்காரப் போறோம்."

"அங்கெல்லாம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேப்பா. அலைய விடுவாங்கப்பா."

பொன்னையா கழுத்து வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"விடட்டும். கந்தோருன்னா என்னன்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியும்."